தெல்ல ஜில்லேடு

எனக்கு ஒரு பழக்கம். எதிரில் இருப்பவர் பேசுவது புரியவில்லை என்றால், "புரியலைங்க" என்று வாயைத் திறந்து சொல்ல மாட்டேன். தலையை ஆட்டிவிடுவேன். எவ்வளவு புரியவில்லையோ அவ்வளவு வேகமாக ஆட்டுவேன். டாக்டர், பேங்க் மேனேஜர், செல்போன் கடைக்காரர் என்று இந்தத் தலை ஆடாத இடமில்லை. (பல் டாக்டர்கிட்ட இப்படி ஆட்டித்தான் நல்லா இருந்த கடவாய்ப்பல்லைக் குடுத்துட்டு வந்தேன். வலிச்ச பல்லு இன்னும் வாயிலதான் இருக்கு.) அதெல்லாம் என்னோடு போயிற்று. ஒரே ஒரு தடவைதான் ஒரு கம்பெனியையே ஆட்டி வைத்துவிட்டேன்.

அப்போது வேலைக்குச் சேர்ந்த புதுசு. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ரப்பர் வாஷர் செய்கிற கம்பெனி. அட்மின் பிரிவில் நான் ஒருத்திதான். டீத்தூள் வாங்குவதிலிருந்து டாய்லெட் தாழ்ப்பாள் வரை என் ராஜ்ஜியம். ஆறு மாதம் ப்ரொபேஷன். அது முடிந்து கன்ஃபர்ம் பண்ணினால்தான் வேலை நிலைக்கும். இல்லையென்றால் மணவாள நகரில் பெரியப்பாவின் ஜெராக்ஸ் கடையில் உட்கார வேண்டும் என்று அம்மா முடிவே பண்ணிவிட்டாள். பெரியப்பா நல்லவர்தான். ஆனால் காலையிலிருந்து ராத்திரி வரை ஒரே செய்தியை ரேடியோவில் திரும்பத் திரும்பக் கேட்கிற மனிதர். பேப்பர் மாட்டிக்கொண்டால் மெஷினைக் கெட்ட வார்த்தையில் திட்டுவார். அங்கே போய் உட்காருவதைவிட ரயிலில் தொங்கலாம்.

தொங்கவும் செய்தேன். திருவள்ளூரும் கும்மிடிப்பூண்டியும் ஒரே மாவட்டம்தான், பேப்பரில். ரயிலில் போகிறவர்களுக்கு அது வேறு வேறு தேசம். திருவள்ளூரில் ஏறி, வேப்பம்பட்டு தாண்டுவதற்குள் ஒரு தூக்கம் போட்டு, சென்னையைத் தொட்டு, பேசின் பிரிட்ஜில் இறங்கி, வேறு ரயில் பிடித்து மறுபடி வடக்கே ஓட வேண்டும். இவ்வளவு பாடுபட்டுப் போகிற வேலையை விடுவேனா?

எங்கள் எம்.டி. சாருக்குச் சொந்த ஊர் கோயம்புத்தூர் பக்கம். நல்ல மனசு. ஆனால் செலவு என்ற வார்த்தையைக் கேட்டால் அவருக்குக் காது அடைத்துவிடும். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு ஜன்னல் வழியாக வெளியே காட்டினார்.

"அம்மிணி, அந்தக் காவாயப் பாத்தியா?"

பார்க்காமல் எப்படி? கம்பெனி காம்பவுண்டுக்கும் ரோட்டுக்கும் நடுவே நீளமாக ஒரு மழைத்தண்ணிக் காவாய். இரண்டு பக்கமும் மண் சரிவு. ஒவ்வொரு மழைக்கும் மண் சரிந்து காவாய் தூர்ந்துவிடும். அதற்கு மேல் டீ கப், குட்கா கவர், கழற்றிப் போட்ட ஒற்றைச் செருப்பு. ஆந்திரா பார்டரில் இருக்கிற எளாவூர் செக்போஸ்ட்டைத் தாண்டி வருகிற லாரிக்காரர்கள் எல்லாம் சொல்லிவைத்ததுபோல எங்கள் காவாயோரமாகத்தான் வண்டியை நிறுத்தி ஒதுங்குவார்கள். (எதுக்குன்னு நான் சொல்லணுமா?) காவாயோரத்தில் செடி வைத்துப் பச்சையாக வைத்திருக்க வேண்டும் என்று தொழிற்பேட்டை ஆபீசில் எல்லாக் கம்பெனிக்கும் அப்போது சொல்லியிருந்தார்கள்.

எனக்கு முன்னால் இருந்தவர்கள் முயற்சி பண்ணாமல் இல்லை. செம்பருத்தி வைத்தார்கள், ஆடு தின்றது. புல் பதித்தார்கள், எருமை தின்றது. அரளியை ஆடும் தின்னவில்லை, மாடும் தின்னவில்லை. ஆனால் காலை ஷிப்டுக்கு வருகிற பெண்கள் சாமிக்கு என்று மொட்டு முதற்கொண்டு பறித்துப் பறித்து, கடைசியில் செடியே வெறுத்துப்போய்க் காய்ந்துவிட்டது.

"நாலே நாலு கண்டிசன் அம்மிணி," என்றார் எம்.டி. "தண்ணி ஊத்தப்படாது. வெட்டி உடறதுக்கு ஆள் வெக்கப்படாது. ஆடு மாடு திங்கப்படாது. ஆனா வருசம் பூராப் பச்சையா இருக்கோணும். இதை மட்டும் ஒழுங்கா முடிச்சுக் குடுத்துட்டீன்னா உன்னைய கன்ஃபர்ம் பண்ணிப்போடலாம். வெளங்குச்சா?"

பிளாஸ்டிக் செடியைத் தவிர வேறு எதுவும் எனக்கு விளங்கவில்லை. தலையை ஆட்டினேன்.

நெட்டில் தேடினேன். வெளிநாட்டில் காவாய் என்றால் அது நம் ஊர் கல்யாண ரிசப்ஷன் மேடை மாதிரி இருக்கிறது. அல்லிப்பூ, நாணல், கூழாங்கல், ஓரத்தில் ஒரு வாத்து. அதையெல்லாம் சேர்த்து ராத்திரி பகலாக ஒரு பவர்பாயிண்ட் தயாரித்தேன். எம்.டி. முதல் படத்தை மட்டும் பார்த்தார்.

"அந்த வாத்துக்கு யாரு சோறு போடறது?"

அதோடு பவர்பாயிண்ட் முடிந்தது. "நெட்டுல பார்த்தது போதும். நர்சரிக்குப் போய்ப் பாரு," என்று அனுப்பினார். ஸ்டோர்ஸில் வேலை செய்கிற டில்லிபாபு கம்பெனி டெம்போவை எடுத்தார். டில்லிபாபுவுக்கு எளாவூர்தான் சொந்த ஊர். தமிழும் தெலுங்கும் அவருக்கு வலது கை, இடது கை மாதிரி. பார்டர் பக்கத்தில் தெரிந்த நர்சரி ஒன்று இருக்கிறது என்று கூட்டிக்கொண்டு போனார்.

நர்சரிக்காரருக்குப் பேர் வெங்கடேசு. பெரிய மீசை, சின்ன டிராயர். என் நாலு கண்டிஷனையும் கேட்டுவிட்டுத் தொடையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"அட, இதுக்கா இவ்ளோ பேஜாரு? ஜில்லேடு தீஸ்கோம்மா! தெல்ல ஜில்லேடு. நீள்ளு அக்கர்லேது. மேக தினது. தெல்ல பூவு!"

என்ன அழகான பேர் பாருங்கள்! தெல்ல ஜில்லேடு. கேட்டதுமே குளிர்ச்சியாக இருந்தது. பக்கத்தில் நின்ற டில்லிபாபுவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் மேடம் என்கிற கெத்து என்னாவது? எனக்குள்ளேயே மொழிபெயர்த்துக்கொண்டேன். நீள்ளு அக்கர்லேது: நீளமாக வளர்ந்துவிடுமோ என்று அக்கறைப்பட வேண்டாம். (ஆக, வெட்ட ஆள் வேணாம்!) மேக தினது: மேகம் தினமும் வரத் தேவையில்லை. (ஆக, தண்ணி வேணாம்!) தெல்ல பூவு: தெள்ளத் தெளிவான பூ.

அவர் சொன்னதற்கு உண்மையில் அர்த்தம் தண்ணீர் வேண்டாம், ஆடு தின்னாது, வெள்ளைப் பூ என்பது. என் தப்பான கணக்கிலும் விடை கிட்டத்தட்ட சரியாக வந்துவிட்டதுதான் என் கெட்ட நேரம். தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினேன்.

வெங்கடேசு செல்போனில் பூவின் படம் காட்டினார். மிக அருகில் போய் எடுத்த படம். மெழுகில் செய்த கிரீடம் மாதிரி ஒரு வெள்ளைப் பூ. அந்தப் பூவை அவ்வளவு பக்கத்தில் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், உங்கள் காலில் விழுகிறேன். செடியைக் காட்டுங்கள் என்றேன். "குச்சிதான் நட்டுக்கணும். தானே துளுக்கும்," என்று இலையே இல்லாத குச்சிகளை ஈரச் சாக்கில் சுற்றிக் கட்டுக்கட்டாக டெம்போவில் ஏற்றினார். எனக்கு இனாமாக ஒரு குச்சி.

திரும்பும்போது டில்லிபாபு என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். "மேடம், நீங்க இவ்ளோ பக்தியா இருப்பீங்கன்னு நான் நெனைக்கவே இல்ல," என்றார்.

எதற்குச் சொல்கிறார் என்று புரியவில்லை. அதற்கும் தலையை ஆட்டினேன்.

எம்.டி.க்கு மெயில் போட்டேன். செடியின் தாவரவியல் பெயரைச் சாய்வெழுத்தில் போட வேண்டும் என்று காலேஜில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். தெல்லா ஜில்லேடா என்று சாய்வெழுத்தில், கடைசியில் ஒரு கால் கூடுதலாகச் சேர்த்து, லத்தீன் மாதிரி போட்டேன். "அழகுப் பூச்செடி. எல்லைப்புற ரகம்," என்று பக்கத்தில் குறிப்பு. எம்.டி. ஓகே என்று ஒற்றை வார்த்தையில் பதில் போட்டார். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை, சந்தோஷத்தில்.

வைகாசி மாதம் ஒரு நல்ல நாளாகப் பார்த்துக் காவாய்ச் சரிவு முழுக்கக் குச்சிகளை நட்டோம். "இன்னா செடி மேடம்?" என்று ஷிப்டு விட்டுப் போகிறவர்கள் கேட்டார்கள். "ஜிலேட்," என்று நாக்கைச் சுழற்றி இங்கிலீஷ் உச்சரிப்பில் சொன்னேன். "ஷேவிங் பிளேடு பேரு மாரி கீதே," என்று சிரித்துக்கொண்டு போனார்கள். ஒழுங்காக ஜில்லேடு என்று சொல்லியிருந்தால் பாதிப் பேருக்கு அங்கேயே புரிந்திருக்கும். என் ஸ்டைல் என்னைக் கெடுத்தது.

இனாம் குச்சியை மணவாள நகர் வீட்டில் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு தொட்டியில் நட்டேன். அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள், பொண்ணு கம்பெனியிலிருந்து பாரின் செடி வந்திருக்கிறது என்று. எதிர் வீட்டு அக்கா தனக்கும் ஒரு குச்சி கேட்டு வைத்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் அம்மா போட்ட சத்தத்தில் இட்லி தொண்டையில் நின்றுவிட்டது.

"அடியேய் நிவி! இன்னாடி வெச்சிக்கினு இருக்கற ஊட்டாண்ட?"

ஓடிப்போய்ப் பார்த்தேன். குச்சி துளிர்த்திருந்தது. தடித் தடியாக, சாம்பல் பூத்த பச்சையில் ரெண்டு இலை. அம்மா அதில் ஒன்றைக் கிள்ளியிருந்தாள். வெள்ளையாகப் பால் சொட்டிக்கொண்டிருந்தது.

"எருக்குடி இது! எருக்கஞ்செடி! ஒருத்தன் குடி கெட்டுப் போவணும்னா, ஊட்ல எருக்கு மொளைக்கன்னு மண்ணை வாரித் தூத்துவாங்க. நீ இன்னாடான்னா காசு குடுத்து வாங்கியாந்து, தொட்டியில வெச்சி, தண்ணி ஊத்தி வளக்குற!"

எருக்கு எனக்குத் தெரியாதா என்ன? ரயில் தண்டவாளம் முழுக்க அதுதான். பாழடைந்த கட்டடம் எங்கே இருந்தாலும் வாசலில் அதுதான் நிற்கும். எனக்கு அப்போது அம்மாவின் கவலை இல்லை. என் கண் முன்னால் வந்து நின்றது கும்மிடிப்பூண்டிக் காவாய். இந்நேரம் அங்கே அத்தனை குச்சியும் துளிர்த்திருக்கும், கம்பெனி பெயர்ப்பலகைக்கு நேர் கீழே.

உடனே டில்லிபாபுவுக்குப் போன் போட்டேன். "டில்லிண்ணே, ஜில்லேடுன்னா என்ன?"

"எருக்கு, மேடம்."

"தெல்லன்னா?"

"வெள்ளை. தெல்ல ஜில்லேடுன்னா வெள்ளெருக்கு. புள்ளையாருக்கு ஒசத்தியாச்சே! நீங்க கேட்டு வாங்கினதாலதான் பக்தின்னு நெனச்சிக்கினு இருந்தேன். தெரியாமலா வாங்கினீங்க?"

வெள்ளெருக்கு என்றதும் அம்மா கொஞ்சம் இறங்கினாள். வெள்ளெருக்கு வீட்டில் இருந்தால் பிள்ளையாரே வந்து உட்கார்ந்த மாதிரி; பிடுங்கினால் பாவம். ஊதாப் பூ பூக்கிற சாதா எருக்கு என்றால் வைத்திருந்தால் பாவம். பூத்தால்தான் எதுவென்று தெரியும். பிடுங்கவும் முடியாமல் வைத்திருக்கவும் முடியாமல் அம்மா ரொம்ப நேரம் யோசித்து, தொட்டியைக் கேட்டுக்கு நடுவில் இழுத்து வைத்தாள். பாதி வீட்டுக்குள்ளே, பாதி தெருவில். அப்புறம் நாங்கள் எல்லோரும் அந்தத் தொட்டியைத் தாண்டித்தான் போய் வந்தோம். அப்பா இரண்டு தடவை தடுக்கி விழுந்தார்.

திங்கட்கிழமை கம்பெனிக்குப் போனேன். கேட்டுக்கு வெளியே கூட்டம். காலை ஷிப்டு ஆட்கள் ஒருத்தரும் உள்ளே போகவில்லை. எல்லோரும் காவாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். காவாய் ஓரமாக வரிசையாக, அணிவகுப்பு மாதிரி, ஜம்மென்று எருக்கு.

"இன்னா மேடம் இது? கம்பெனி வாசல்ல எருக்கு வெச்சிக்கீறீங்க. இழுத்து மூடப் போறாரா மொதலாளி?"

"பார்டரைத் தாண்டி ஆந்திரா பக்கம் போறாராம். அத்த வாயால சொல்லாம செடியால சொல்றாரு."

"கேண்டீன்காரன் நேத்தே பாதி பாத்திரத்தைத் தூக்கினு போய்ட்டானாம்பா."

(கேண்டீன்காரர் எடுத்துக்கொண்டு போனது ஈயம் பூசுவதற்காக. யார் கேட்டார்கள்?)

எம்.டி. கார் வந்து நின்றது. கூட்டத்தைப் பார்த்தார், செடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அம்மிணி, உள்ள வா," என்றார். அந்தக் குரலில் எனக்குப் பெரியப்பாவின் ரேடியோ கேட்டது.

அறையில் என் மெயிலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "தெல்லா ஜில்லேடா," என்று நிறுத்தி நிறுத்திப் படித்தார். "நானும் என்னமோ இத்தாலிச் செடின்னு ஊர் பூராச் சொல்லிவெச்சிருக்கறேன். இது எங்க ஊருல சுடுகாட்டு ஓரம் மொளைக்குமல்லோ?"

"சார், இது வெள்ளெருக்கு சார். பிள்ளையாருக்கு ஒசத்தி சார்," என்று அழுதுகொண்டே சொன்னேன். உண்மையாகவே அழுதேன். மூக்கெல்லாம் ஒழுகியது.

அவர் மெயிலை மூடினார். "செரி. வெள்ளையாப் பூத்துதுன்னா நீ கன்ஃபர்ம். வேற கலர்ல பூத்துதுன்னா நீயும் உன்ற செடியும் ஒண்ணாக் கெளம்பிருங்க." கூட்டத்திடமும் அவரே போய்ச் சொன்னார், மூடவில்லை, இது வெள்ளெருக்கு, சாமி காரியம் என்று. அரைமனதாக உள்ளே போனார்கள். பூக்கட்டும், பார்க்கலாம் என்றார்கள்.

வெங்கடேசுக்குப் போன் போட்டேன். டில்லிபாபு ஸ்பீக்கரில் தெலுங்கில் கேட்டார். "தெல்லதேம்மா! நூட்டிகி நூரு!" என்று கத்தினார் வெங்கடேசு, நூற்றுக்கு நூறு வெள்ளைதானாம். அப்புறம் கொஞ்சம் நிறுத்தி, "ஆனா குச்சியில கலர் தெரியாது கதா?" என்றார். எனக்குத் தெலுங்கு அன்றைக்குத்தான் முதல் தடவையாக முழுசாகப் புரிந்தது.

இதற்குள் விஷயம் எம்.டி.யின் மனைவி காதுக்குப் போய்விட்டது. பக்தி என்றால் அப்படி ஒரு பக்தி அந்த அம்மாவுக்கு. ஒரு வெள்ளெருக்கு கிடைப்பதே அபூர்வம், ஒரு காவாய் நிறைய வெள்ளெருக்கா என்று மறுநாளே காரில் வந்து இறங்கினார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுக் காவாயைக் கும்பிட்டார்கள். செடிக்குச் செடி மஞ்சள், குங்குமம். மஞ்சள் கயிறு. ஒரு சிதறு தேங்காய். "சதுர்த்திக்கு நம்ம கம்பெனிப் பிள்ளையாருக்கு நம்ம செடியிலயே மாலை," என்று என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார்கள்.

குங்குமம் வைத்த செடியைப் பார்த்து லாரிக்காரர்கள் மிரண்டுபோனார்கள். ஒதுங்குவதற்கு வண்டியை நிறுத்துகிறவர் செடியைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டு, எதிர்க் கம்பெனி பக்கமாக ஓடினார். டீ கப் போடுகிறவர்கள் நின்றார்கள். ஆடு மோந்து பார்த்துவிட்டுப் போனது. மழைக்கு மண் ஒரு கைப்பிடி சரியவில்லை. எம்.டி. கேட்ட நாலு கண்டிஷனும் நிறைவேறி, அதற்கு மேலும் நடந்துகொண்டிருந்தது. எனக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. இரண்டு ஷிப்டுக்கும் நடுவே பிரியாணிப் பந்தயம் நடந்தது. பகல் ஷிப்டு வெள்ளை, ராத்திரி ஷிப்டு ஊதா.

சதுர்த்திக்கு முதல் நாள் மொட்டுகள் பெருத்தன. கிட்டே போய்ப் பார்த்தேன். நுனியில் லேசாக ஊதா. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். நல்லாவே ஊதா. பக்கத்துச் செடி, அடுத்த செடி, அதற்கடுத்தது, எல்லாம் சொல்லிவைத்த மாதிரி ஊதா. போச்சுடா சாமி, ஜெராக்ஸ் கடைதான்.

மனுஷிக்குப் பயம் வந்தால் புத்தி எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது. என் புத்தி அம்மாவின் முகப் பவுடர் டப்பா பக்கம் போனது. சதுர்த்தியன்று முதல் ரயிலைப் பிடித்து, ஒருத்தரும் வருவதற்கு முன்னால் காவாய்ச் சரிவில் இறங்கினேன். கேட்டுக்குப் பக்கத்திலிருந்த செடிகளின் பூவுக்கெல்லாம் பஞ்சால் ஒற்றி ஒற்றிப் பவுடர் போட்டேன்.

"இன்னா மேடம், செடிக்கு மேக்கப்பா?" என்றார் வாட்ச்மேன் மேலே நின்றுகொண்டு.

"பூச்சி மருந்துண்ணே."

"பூச்சி மருந்து கல்யாண ஊடு மாரி மணக்குதே!"

பூஜைக்கு எல்லோரும் கூடினார்கள். எம்.டி.யின் மனைவி பட்டுப் புடவையில், வெள்ளித் தட்டோடு வந்தார்கள். முதல் செடியைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. "ஏனுங்க, வெள்ளை! பாருங்க, பாலு மாதிரி வெள்ளை!" பகல் ஷிப்டு விசிலடித்தது. எம்.டி. என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். எனக்கே ஒரு நிமிஷம் அது வெள்ளை மாதிரிதான் தெரிந்தது.

அந்த அம்மா குனிந்து மோந்து பார்த்தார்கள். "எருக்கம்பூ மணக்கறதை நான் இன்னைக்குத்தானுங்க பாக்கறேன்! தெய்வச் செயலுங்க!"

கும்பிட்டுவிட்டுப் பூவைக் கிள்ளினார்கள். எருக்கைக் கிள்ளினால் பால் வடியும் என்பதை நான் எப்படி மறந்தேன்? பால் வடிந்தது. பாலும் பவுடரும் கலந்து கோந்து மாதிரி அவர்கள் விரலெல்லாம் ஒட்டிக்கொண்டது. துடைத்தார்கள். துடைக்கத் துடைக்கப் பூ ஊதாவாகிக்கொண்டே வந்தது.

அந்த அம்மா விரலை மூக்கருகே கொண்டுபோனார்கள். "பவுடருங்க," என்றார்கள் மெதுவாக. அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. என் கையில் இன்னும் பஞ்சு இருந்தது. என் துப்பட்டாவில் பவுடர், என் மூக்கில் பவுடர்.

டில்லிபாபு பாவம், என்னைக் காப்பாற்ற ஓடிவந்தார். அவருக்கு ராத்திரியே சந்தேகமாம். எதற்கும் இருக்கட்டும் என்று விடியற்காலையில் பஜாருக்குப் போய் ஒரு மாலை வாங்கி டெம்போவில் ஒளித்து வைத்திருந்தார். "மேடம்மா, இத்தப் போட்டுக்கலாம். நல்ல மாலை, பஜார்ல வாங்கினது," என்று வாழை இலையைப் பிரித்து நீட்டினார்.

மாலையை வாங்கி எம்.டி.யின் மனைவி தூக்கிப் பிடித்தார்கள். எருக்கம்பூ மாலை. நெருக்கமாகக் கட்டிய, புத்தம் புதிய, சுத்தமான ஊதா.

எம்.டி. மாலையைப் பார்த்தார். காவாயைப் பார்த்தார். மறுபடி மாலையைப் பார்த்தார்.

"ஏப்பா டில்லி, வருசா வருசம் புள்ளையாருக்கு இதைத்தான் வாங்கியாறியா?"

"ஆமா சார்."

"இதே கலரா?"

டில்லிபாபு மாலையை உற்றுப் பார்த்தார். அவர் முகம் போன போக்கைச் சொல்ல முடியாது. "அத்த யாரு சார் இத்தினி வருசமா கவனிச்சா?" என்றார்.

கூட்டத்தில் யாரோ குபீரென்று சிரித்தார்கள். அப்புறம் எல்லோரும். எம்.டி.யின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "புள்ளையாரே இத்தன வருசமா ஒண்ணும் சொல்லாமப் போட்டுக்கிட்டாருங்க. நாம யாருங்க சொல்றதுக்கு?" என்று இரண்டு மாலையாகவே போட்டுவிடச் சொன்னார்கள், பஜார் மாலை ஒன்று, காவாய் மாலை ஒன்று.

"அப்ப கம்பெனி மூடலையா சார்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"எருக்கு மொளைச்சதுக்குக் கம்பெனிய மூடறதுன்னா, ரப்பர் விக்கற வெலைக்கு எப்பவோ மூடியிருக்கோணும்! போய்ச் சுண்டல் வாங்குங்கப்பா," என்றார் எம்.டி. அப்புறம் டில்லிபாபுவிடம் தனியாக, "இனிமே பஜார்ல மாலை வாங்கப்படாது. நம்ம காவாயிலயே பறிச்சுக்கோணும்," என்றார்.

நான் மூக்கைத் துடைத்துக்கொண்டு பையை எடுக்கப் போனேன். வெள்ளையாகப் பூத்தால்தான் வேலை என்று பேச்சு. பூத்தது ஊதா. அதில் பேச என்ன இருக்கிறது?

"அம்மிணி, நில்லு." எம்.டி. கை கட்டிக்கொண்டு நின்றார். "செடிக்குத் தண்ணி ஊத்துனியா?"

"இல்ல சார்."

"வெட்டி உட ஆளு வெச்சியா?"

"இல்ல சார்."

"அந்தப் பவுடர்? கம்பெனிக் காசா?"

"எங்க அம்மாவோடது சார்."

"அப்பக் கம்பெனிக்கு ஒரு செலவும் இல்ல," என்றார். "கன்ஃபர்ம்."

இன்றைக்கும் அதே கம்பெனியில்தான் இருக்கிறேன். பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருந்தாலும் ஷேர் ஆட்டோக்காரர்களுக்கு எங்கள் ஸ்டாப் "எருக்கு கம்பெனி"தான். ஆவணி மாதம் வந்தால் சுற்று வட்டாரமே எங்கள் காவாயில்தான் பூப் பறிக்கிறது.

கம்பெனி நொடித்துப் போகவுமில்லை. சில வருஷம் கழித்து பக்கத்திலேயே இரண்டாவது யூனிட் திறந்தார்கள். அதன் முன்னாலும் ஒரு காவாய். எம்.டி. என்னைக் கூப்பிட்டார். பவர்பாயிண்ட் கேட்கவில்லை, கண்டிஷன் சொல்லவில்லை. "அம்மிணி, டில்லியக் கூட்டிக்கிட்டு அந்த நர்சரிக்கே போ. ஆனா இந்த வாட்டி தமிழ்ல வாங்கிட்டு வா," என்றார்.

இதை நான் கல்யாணமான புதுசில் என் வீட்டுக்காரரிடம் சொல்லித் தொலைத்தேன். அன்றிலிருந்து நான் கொத்தமல்லி வாங்கப் போனாலும், பால் பாக்கெட் வாங்கப் போனாலும், மாடியிலிருந்து தெருவுக்கே கேட்கிற மாதிரி, "நிவி, தமிழ்ல வாங்கிட்டு வா!" என்று கத்துவார். எங்கள் தெருவில் எல்லோரும் அவரைப் பெரிய தமிழ்ப் பற்றாளர் என்று நினைத்துவிட்டார்கள். போன மாதம் குடியிருப்போர் சங்கத் தமிழ் விழாவில் அவரை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தினார்கள். பொன்னாடையைச் சரிசெய்துகொண்டு, மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, அவர் அன்றைக்குப் பேசியது முழுக்க இந்தக் கதைதான்.